ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப் எது? மூன்று கடையில் மூன்று பதில்

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் சித்தப்பா பணி ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினார். நிம்மதியாக உட்கார்ந்து கச்சேரி கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஸ்பீக்கரின் முதுகில் '100 வாட்ஸ், 4 ஓம்ஸ், 86 டிபி' என்று ஒட்டியிருந்தது. அதற்கு ஒரு ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், பார்க்கலாம் என்று இருவரும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம்.

முதல் கடையில், "ஸ்பீக்கர் 100 வாட்ஸா? 100 வாட்ஸ் ஆம்ப் போடுங்க சார், மேட்ச் ஆயிடும்" என்றார்கள். அடுத்த கடையில், "50 போதும், அதுக்கு மேல போனா ஸ்பீக்கர் புகைஞ்சிடும்." மூன்றாவது கடைக்காரர், "200 போட்டாத்தான் சேஃப்" என்று அடித்துச் சொன்னார். சித்தப்பா வெளியே வந்து, "ஏம்ப்பா, மூணு பேரும் மூணு விதமா சொல்றாங்களே, இதுல எதை நம்பறது?" என்று கேட்டார்.

மூவரும் சொந்த அனுபவத்தில் இருந்துதான் சொன்னார்கள். ஆனால் மூவரும் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பதில் சொன்னார்கள். உண்மையில் அந்த எண்ணுக்கு இதில் பங்கு மிகக் குறைவு. அன்று பஸ்ஸிலும் அப்புறம் வீட்டிலும் சித்தப்பாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

ஸ்பீக்கரைத் தமிழில் ஒலிபெருக்கி என்கிறோம். அழகான சொல்தான், ஆனால் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. பெருக்குகிற வேலை ஆம்ப்ளிஃபயருடையது. போனிலிருந்தோ சிடி பிளேயரிலிருந்தோ வரும் சின்ன மின் அசைவை ஆம்ப் பல மடங்கு பெரிதாக்குகிறது. அதை வாங்கிக்கொண்டு காகிதக் கூம்பை முன்னும் பின்னும் அசைத்துக் காற்றைத் தள்ளுவது மட்டும்தான் ஸ்பீக்கரின் வேலை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் கட்டுரை முழுக்க ஸ்பீக்கர், ஆம்ப் என்றே எழுதுகிறேன்.

அப்படியானால் ஸ்பீக்கரின் முதுகில் இருக்கும் 100 வாட்ஸ் என்ன? அடுக்குமாடி வீட்டு லிஃப்டுக்குள் '8 பேர், 544 கிலோ' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு எட்டுப் பேர் சேரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. ஒரே ஒரு பாட்டி ஏறினாலும் லிஃப்ட் போகும். 544 கிலோ என்பது அது தாங்கும் எல்லை. ஸ்பீக்கரின் வாட்ஸும் அப்படித்தான். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகாமல் இவ்வளவு மின்சக்தியைத் தாங்கும் என்று அர்த்தம். அவ்வளவு கொடுத்தால்தான் பாடும் என்று அர்த்தம் இல்லை. சத்தம் எவ்வளவு வரும் என்பதையும் அந்த எண் சொல்லாது.

தண்ணீர்த் தொட்டியும் குழாயும்

ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நடப்பதைப் புரிந்துகொள்ள மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொண்டால் போதும். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம். குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீர். உயரம் மாறாமல் குழாயை மட்டும் அகலப்படுத்தினால் தண்ணீர் அதிகம் கொட்டும், தொட்டியும் சீக்கிரம் காலியாகும்.

மின்சாரத்தில் அந்த அழுத்தத்துக்குப் பெயர் வோல்டேஜ். ஓடும் அளவு கரண்ட். குழாயின் குறுகல்தான் இம்பிடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. அதை ஓம் என்ற அலகில் அளக்கிறோம். எண் சிறியதாக இருந்தால் குழாய் அகலம் என்று பொருள்.

முக்கியமான விஷயம் இதுதான்: ஆம்ப் கொடுப்பது அழுத்தத்தை மட்டும். எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை ஸ்பீக்கரின் ஓம்தான் தீர்மானிக்கிறது. ஆம்ப் 20 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டையும் பெருக்கினால் 50 வாட். அதே 20 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட். ஆம்பில் ஒரு குமிழைக்கூட யாரும் தொடவில்லை, ஆனால் அதன் சுமை இரண்டு மடங்காகிவிட்டது.

அந்த இரட்டைச் சுமையைத் தாங்கும்படி செய்யப்படாத ஆம்பாக இருந்தால் சூடேறும். நல்ல ஆம்பாக இருந்தால் பாட்டின் நடுவே 'டக்' என்று உள்ளே ஒரு சத்தம் கேட்டு மௌனமாகிவிடும். பாதுகாப்பு ரிலே இணைப்பைத் துண்டிக்கும் சத்தம் அது. மலிவான ஆம்பில் அந்த ரிலேயும் இருக்காது.

ஒரே ஆம்பில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் மாட்டும் ஆசை பலருக்கு உண்டு, ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் போட்டால் ஆம்பின் கண்ணுக்கு அது 4 ஓம்தான். இரண்டு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி.

இதுவரை சொன்னதன் சாரம்: ஸ்பீக்கரின் ஓம், ஆம்ப் தாங்குவதாகச் சொல்லும் குறைந்தபட்ச ஓமுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் சரி. இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. '4 முதல் 16 ஓம்' என்று எழுதிய ஆம்பில் 6 ஓம் ஸ்பீக்கரைத் தாராளமாக மாட்டலாம். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற பேச்சு வால்வு ஆம்ப் காலத்தில் இருந்து வருகிறது. வால்வு ஆம்பின் பின்னால் 4 ஓமுக்கும் 8 ஓமுக்கும் தனித்தனி முனை இருக்கும், அங்கே பொருத்தித்தான் மாட்ட வேண்டும். இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்புக்கு அந்த விதி இல்லை.

ஓம் என்பது ஒரே எண் இல்லை

வீட்டில் மல்டிமீட்டர் இருப்பவர்கள் 8 ஓம் ஸ்பீக்கரை அளந்து பார்த்து, "ஆறுதானே காட்டுது, ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்பார்கள். ஏமாற்றவில்லை. மீட்டர் அளப்பது கம்பிச்சுருளின் வெறும் எதிர்ப்பை. பாட்டு ஓடும்போது இம்பிடன்ஸ் ஒவ்வொரு சுருதிக்கும் மாறிக்கொண்டே இருக்கும். '8 ஓம்' ஸ்பீக்கரே அடித்தொனியில் ஓர் இடத்தில் 20, 30 ஓமுக்கு ஏறிவிட்டு, வேறு இடத்தில் ஆறரைக்கு இறங்கும். முதுகில் எழுதியிருப்பது ஒரு பொதுவான அடையாள எண். எழுதிய எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே எங்கும் இறங்கக் கூடாது என்பது சர்வதேசத் தரநிலை. 8 ஓம் என்றால் 6.4 வரை. எல்லாக் கம்பெனிகளும் இதைக் கடைப்பிடிப்பதில்லை என்பதால், 4 ஓம் ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் ஆம்பில் கொஞ்சம் தாராளம் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்பீக்கரின் மைலேஜ்

இப்போது மூன்றாவது எண், 86 டிபி. கடையில் யாருமே அதைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த லேபிளில் முதலில் படிக்க வேண்டியதே அதுதான்.

டிபி என்பது டெசிபல், சத்தத்தின் அளவு. ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறதோ அதற்குப் பெயர் சென்சிடிவிட்டி. பைக்கின் மைலேஜ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது போல ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம். வீட்டு ஸ்பீக்கர்கள் கொடுத்த மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பெரும்பாலும் சத்தமாக மாற்றுவதில்லை. மிச்சமெல்லாம் சூடாகப் போகிறது. அதனால் இந்த மைலேஜ் வித்தியாசம் பெரிதாகவே உறைக்கும்.

டெசிபல் கணக்கு நம் வழக்கமான கூட்டல் கணக்கு இல்லை. 3 டெசிபல் ஏற்ற வேண்டுமென்றால் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். 10 டெசிபல் ஏற்றினால்தான் காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று படும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட் வாங்கினால் கிடைப்பது அந்த 3 டெசிபல்தான். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவே. அதற்காகச் செலவழிக்கிற காசை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பாது.

இதையே ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்து பாருங்கள். 84 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு வாட். 90 டெசிபல் ஸ்பீக்கரில் 15 வாட் ஆம்ப் தரும் சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரில் எடுக்க 60 வாட் வேண்டும். அந்தக் காலத்துப் பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் சின்ன ஆம்பிலேயே கணீரென்று பாடியதில் இதற்கும் பங்கு உண்டு. இன்று அலமாரியில் அடங்கும் சின்னப் பெட்டியில் ஆழமான அடித்தொனியும் வேண்டும் என்று கேட்கிறோம். அதற்கு விலையாக மைலேஜ் குறைகிறது.

ஒரு பொறி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பல கம்பெனிகள் 1 வாட் என்று போடாமல் '2.83 வோல்ட்' என்று போடும். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட்தான். 4 ஓமில் அதுவே 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் அப்படி எழுதியிருந்தால் 3 டெசிபல் கழித்துக்கொள்ள வேண்டும். சித்தப்பாவின் லேபிளிலும் பொடி எழுத்தில் 2.83 வோல்ட் இருந்தது. அவருடைய 86 உண்மையில் 83.

சித்தப்பாவின் ஹாலுக்கு ஒரு கணக்கு

அவர் ஹாலில் சோஃபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் பத்தடி, கிட்டத்தட்ட 3 மீட்டர். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும், ஸ்பீக்கரும் இரண்டு. எல்லாம் கூட்டிக் கழித்து அவர் உட்காரும் இடத்தில் சுமார் 5 டெசிபல் இழப்பு என்று வைத்துக்கொண்டோம்.

ஹால் நிறைகிற மாதிரி கேட்பதற்குச் சராசரி 80 டெசிபல் போதும். அதற்கு ஸ்பீக்கரிடம் 85 வேண்டும். 83 டெசிபல் ஸ்பீக்கரில் அது வெறும் ஒன்றரை வாட் வேலை! இதைச் சொன்னபோது சித்தப்பா நம்பவில்லை. அப்படியானால் பெரிய ஆம்ப் எதற்கு?

சங்கீதம் சமதளமாக ஓடுவதில்லை என்பதுதான் காரணம். பாடகர் சன்னமாக இழுத்துக்கொண்டிருக்கும்போது மிருதங்கத்தில் ஓர் அடி விழும். அந்த ஒரு கணம் சராசரியைவிட 15 டெசிபல்கூட மேலே போகும். 80 அந்தக் கணத்தில் 95. தூரத்துக்கு 5 சேர்த்தால் 100. அதாவது 83-க்கு மேலே 17 டெசிபல், வாட்டில் 50 மடங்கு. ஒன்றரை வாட்டில் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்த ஆம்ப் கண்ணிமைக்கும் நேரத்துக்கு 50 வாட் கொடுத்தாக வேண்டும். நாம் ஆம்புக்குக் கொடுக்கும் பணமெல்லாம் அந்தக் கணத்துக்காகத்தான்.

ஆகவே சித்தப்பாவுக்கு வேண்டியது, 4 ஓமைத் தாங்கும் என்று தெளிவாக எழுதியுள்ள, 4 ஓமில் 50 வாட்டுக்குக் குறையாத ஆம்ப். 200 தேவையில்லை. ஸ்பீக்கரில் எழுதிய 100-ஐ இந்தக் கணக்கில் எங்கேயும் நாங்கள் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சின்ன ஆம்ப் எப்படி ட்வீட்டரை எரிக்கிறது

'அதிகம் போட்டால் புகையும்' என்பது எல்லோருக்கும் தெரிந்த பயம். குறைவாகப் போட்டாலும் புகையும் என்பதை நான் சொந்தச் செலவில் கற்றேன். மர்ஃபி டவுனில் வாடகைக்கு இருந்தபோது 15 வாட் ஆம்ப் ஒன்று வைத்திருந்தேன், ஸ்பீக்கர் 84 டெசிபல். மகனுடைய பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பிள்ளைகள் ஆட, வால்யூமை ஏற்றிக்கொண்டே போனோம். மறுநாள் காலை பாட்டு போட்டால் கம்பளிக்குள் இருந்து வருவது போல மந்தமாக இருந்தது. மேல்தொனிகளை வாசிக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. பழுது பார்ப்பவர் நான்கு திருகுகளைக் கழற்றி அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தலைமுடி அளவு கம்பியில் சுற்றிய சின்ன வளையம், ஓரிடத்தில் மட்டும் கறுத்து அறுந்திருந்தது. கருகிய வார்னிஷ் வாசனை அதில் அப்போதும் இருந்தது.

நடந்தது இதுதான். ஆம்ப் கொடுக்கக்கூடிய வோல்டேஜுக்கு ஒரு கூரை உண்டு. அதன் உள்ளே இருக்கும் பவர் சப்ளைதான் அந்தக் கூரை. அதற்கு மேல் வால்யூமை ஏற்றினால் ஒலியலையின் மேடுகள் கூரையில் இடித்துத் தட்டையாக வெட்டுப்படும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். வெட்டுப்பட்ட இடத்தில் மூலைகள் உருவாகின்றன, அந்த மூலைகள் பாட்டிலேயே இல்லாத கீச்சுத் தொனிகளைப் பிறப்பிக்கின்றன. அது போக, அடித்தொனி கூரையில் முட்டி நின்றுவிட, குமிழைத் திருகத் திருக மேல்தொனி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டும் சேர்ந்து ட்வீட்டர் தலையில்தான் விழும். சாதாரணமாகப் பாட்டில் அதன் பங்குக்கு வரும் சக்தி கொஞ்சம்தான் என்பதால் மெல்லிய கம்பியில் செய்திருக்கிறார்கள்.

"குமிழைப் பாதிக்கு மேல் திருகவே இல்லையே" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். குமிழின் பாதி, ஆம்பின் பாதிச் சக்தி இல்லை. சிடி பிளேயர் போல 2 வோல்ட் தரும் கருவியை மாட்டினால் பல ஆம்புகள் பாதித் திருகலிலேயே முழுச் சக்தியை எட்டிவிடும். குமிழைவிடக் காதை நம்புங்கள். குரல் கரகரக்க ஆரம்பித்தால், ஜால்ரா தகரம் மாதிரி ஒலித்தால், உடனே குறையுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் 30 வாட் ஆம்பும் பாதுகாப்பு, 150 வாட் ஆம்பும் பாதுகாப்பு. இல்லாவிட்டால் இரண்டும் எரிக்கும்.

அட்டைப்பெட்டியில் இருக்கும் வாட்ஸ்

தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டர் வாங்கியவர்களுக்கு 'பிஎம்பிஓ' ஸ்டிக்கர் ஞாபகம் இருக்கும், 1000, 2000 என்று மின்னும். ஒரு நொடியில் சின்னத் துணுக்குக்கு ஏதோ ஒரு நிலையில் எட்டக்கூடிய உச்சம் என்று கற்பனையாகப் போட்டுக்கொண்ட எண் அது. அளக்கும் முறைக்கு ஒரு பொது விதியே கிடையாது. அந்தப் பெட்டியைத் திருப்பி மின்சார ஒயர் நுழையும் இடத்தில் பாருங்கள். '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 40 வாட்ஸ்' என்று இருக்கும். சுவரில் இருந்து 40 வாட் வாங்கும் பெட்டி 1000 வாட் சத்தம் எங்கிருந்து தொடர்ந்து கொடுக்கும்?

நம்பக்கூடிய எண் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. அதிலும் கூடவே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். '8 ஓமில், இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று இருந்தால் கண்ணியமான எண். '6 ஓம், ஒரு சேனல் மட்டும், 1000 ஹெர்ட்ஸ், 10 சதவீத விலகல் (ஒலி சிதைவது)' என்று இருந்தால் அதில் பாதியை எதிர்பார்த்தாலே அதிகம். இந்த ஏமாற்று பொறுக்காமல்தான் அமெரிக்காவில் 1974-இலேயே ஆம்பின் வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்தது.

மாட்டும்போது

ஒயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹால் அளவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும், 4 ஓமுக்கு 2.5 எடுத்தால் இன்னும் நிம்மதி. இரண்டுமே எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஒயருக்கு ஆசைப்படுவதைவிட அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். ஸ்பீக்கரை மூலையில் திணித்தால் அடித்தொனி வீங்கும். ஒன்றரை இரண்டு அடி முன்னால் இழுத்து வையுங்கள். ஆம்பை அணைத்துவிட்டுத்தான் ஒயர் மாட்ட வேண்டும், பிரிந்த ஒற்றை இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு, சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும்.

சித்தப்பா கடைசியில் 8 ஓமில் 40 வாட், 4 ஓமில் 65 வாட் என்று தெளிவாக எழுதியிருந்த ஆம்பை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினோம். குரல் வந்தது, வயலின் வந்தது, ஆனால் மிருதங்கம் மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுவது மாதிரி இருந்தது. "இதுக்கா இவ்வளவு கணக்குப் போட்டோம்?" என்றார், முகம் வாடிவிட்டது. இடது பக்கத்து ஸ்பீக்கரைத் திருப்பினேன். சன்னலோரம் இருட்டில் மாட்டியதில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. ஆம்பை அணைத்து, இரண்டு ஒயரையும் மாற்றி முடுக்கிவிட்டு, அதே தனி ஆவர்த்தனத்தை மறுபடி போட்டேன். இடந்தலையில் முதல் 'தொம்' விழுந்தபோது சோஃபாவின் கைப்பிடி லேசாக அதிர்ந்தது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை, கைப்பிடியிலேயே தாளம் போட ஆரம்பித்திருந்தார்.